ஃபத்தூஷில் ரொட்டி இருந்துவிட்டுப் போகட்டும்

லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் ஆகிய நாடுகளின் வீடுகளில் மிஞ்சிப்போன ரொட்டியை வீணாக்காமல் சாப்பிடுவதற்கென்று அமைந்த சாலட்தான் ஃபத்தூஷ். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் குபூஸ் என்று சொல்லிப் பழகிய அந்த மெல்லிய ரொட்டி காய்ந்து விறைத்த பிறகு, அதைப் பிய்த்து வாட்டியோ பொரித்தோ எடுத்து, வெள்ளரி, தக்காளி, லெட்யூஸ், முள்ளங்கி, வெங்காயத்தாள், புதினா, பார்ஸ்லி ஆகியவற்றோடு கலந்து, எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றி, சுமாக் என்னும் சிவப்புக் கனியைக் காயவைத்து அரைத்த புளிப்பான பொடியைத் தாராளமாகத் தூவுவார்கள். அண்மைக்காலமாக இந்த உணவை ஒவ்வொரு டயட்டுக்கும் ஏற்றபடி திருத்துகிறோம் என்று சொல்லி, முதல் வேலையாக ரொட்டியைத் தூக்கிவிடுகிறார்கள். மருத்துவக் காரணம் உள்ள சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அது தேவையற்ற வேலை என்பது என் கருத்து.

கீட்டோவையே எடுத்துக்கொள்வோம். 1921-இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோயாளிகளுக்காக முன்வைத்த இந்த உணவுமுறை இன்று எடை குறைப்புக்கான வழியாகப் பரவியிருக்கிறது. அதைப் பின்பற்றுகிறவர்கள் ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் வரையிலான மாவுச்சத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுமார் 60 கிராம் எடையுள்ள ஒரு மைதா ரொட்டியில் 33 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. நான்கு பேருக்கான கிண்ணத்தில் ஒரு ரொட்டி போட்டால் ஒருவர் பங்குக்கு எட்டு கிராம்தான் வரும். 20 கிராம் வரம்புக்காரருக்கு அது கனமான செலவு, 50 கிராம் வரம்புக்காரருக்குத் தாங்கக்கூடியது. வேடிக்கை என்னவென்றால், ரொட்டியைக் கண்டு அஞ்சுகிற பல செய்முறைகள் மாதுளைப் பாகை மட்டும் தாராளமாக ஊற்றச் சொல்கின்றன. சாற்றைச் சுண்டக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பாகின் ஒரு மேசைக்கரண்டியில் உள்ள சர்க்கரை பெரும்பாலும் பத்து கிராமைத் தாண்டும். கணக்குப் பார்ப்பதாக இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புளிப்புக்கு எலுமிச்சையும் சுமாக்கும் போதும். எல்லா வீடுகளிலும் பாகு சேர்ப்பதும் இல்லை.

கற்கால மனிதரின் உணவைப் பின்பற்றுவதாகச் சொல்லும் பேலியோ விஷயத்தில் சமரசத்துக்கு வழியில்லை. தானியமே கூடாது என்பது அதன் அடிப்படை விதி என்பதால் ஃபத்தூஷ் அதற்குள் அடங்காது. தமிழ் முகநூலில் பேலியோ என்ற பெயரில் பரவியது பாலையும் பன்னீரையும் அனுமதிக்கிற, கொழுப்பு மிகுந்த குறைமாவு உணவுமுறை என்றாலும், கோதுமையை ஒதுக்குவதில் அதுவும் கறார்தான். அந்த நண்பர்கள் ரொட்டி சேராத வெள்ளரி தக்காளி சாலட்டைச் சாப்பிடலாம். அதுவும் அதே நாடுகளில் அன்றாடம் மேசைக்கு வருகிற உணவுதான்.

மத்தியதரைக் கடல் உணவுமுறைக்கு ஃபத்தூஷ் கச்சிதமாகப் பொருந்தும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது உண்மை. ஆனால் அந்த உணவுமுறையின் பெயர் உருவான வரலாற்றில் இந்தச் சாலட்டின் சொந்த மண்ணுக்கு இடமே கிடைக்கவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1958-இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில் இடம்பெற்ற ஏழு நாடுகள் அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரேக்கம், ஜப்பான். 2010-இல் யுனெஸ்கோ மத்தியதரைக் கடல் உணவுமுறையைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டபோது ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம், மொராக்கோ ஆகியவற்றின் பெயரிலும், 2013-இல் சைப்ரஸ், குரோஷியா, போர்ச்சுகல் ஆகியவற்றையும் சேர்த்தும் பட்டியலிட்டது. அதே கடலின் கிழக்குக் கரையில் ஆலிவ் எண்ணெயும் பச்சிலையும் பருப்பும் ரொட்டியுமாகக் காலங்காலமாகச் சாப்பிட்டு வந்த லெபனானும் சிரியாவும் பாலஸ்தீனமும் அந்தப் பட்டியலில் இல்லை. இப்போது அந்த மக்களின் சாலட்டுக்கு நாம் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வீகன்களுக்கு இதில் சிக்கல் குறைவு. குபூஸ் என்பது மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, அவ்வளவுதான். தவக்காலத்தில் இறைச்சியையும் பாலையும் விலக்கும் கிழக்கத்தியக் கிறிஸ்தவர்களும், ரமலானில் நோன்பு திறக்கும் முஸ்லிம்களும் ஒரே ஃபத்தூஷைத்தான் சாப்பிடுகிறார்கள். பகல் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காத உடலுக்கு, ஏறக்குறைய 95 சதவீதம் நீரால் ஆன வெள்ளரியும் லெட்யூஸும் எவ்வளவு இதமாக இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. உணவகங்களில் மேலே ஹலூமி, ஃபெட்டா போன்ற பாலாடைக்கட்டிகளைப் போட்டுவிடும் பழக்கம் இருப்பதால், வீகன்கள் சொல்லி வாங்குவது நல்லது.

என்னைக் கேட்டால், ரொட்டியைப் பற்றிய இந்தச் சர்ச்சையில் எல்லோரும் மறந்துவிடுவது பருப்புக்கீரையை. லெபனானில் பக்லே என்று அழைக்கப்படும் அந்தக் கீரையின் சதைப்பற்றுள்ள இலைகளைப் பச்சையாகவே கிள்ளிப் போடுவார்கள். கடித்தால் முதலில் நறுக்கென்று ஒடிந்து, பிறகு லேசான புளிப்போடும் வழவழப்போடும் நாக்கில் பரவும். இலைக்காய்கறிகளில் அரிதாகக் கிடைக்கும் ஒமேகா-3 கொழுப்பு இதில் கணிசமாக இருக்கிறது. மீன் சாப்பிடாதவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆக்ஸலேட்டும் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுச் செய்முறைகளில் கிடைக்காத பொருளாகக் கருதி விட்டுவிடும் இந்தக் கீரை, நம் சந்தைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது.

கலோரி எண்ணுகிறவர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது எண்ணெயை. ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 120 கலோரி. ரொட்டியை எண்ணெயில் முக்கிப் பொரித்தால் அது குடிக்கும் எண்ணெய் இதற்கு மேல். லேசாக எண்ணெய் தடவி, தவாவிலோ அவனிலோ மொறுமொறுப்பாக வாட்டிக்கொண்டால் சுவையில் பெரிய இழப்பு இல்லை. எண்ணெயை முற்றிலும் ஒதுக்குவதும் சரியல்ல. தக்காளியிலும் இலைகளிலும் உள்ள கரோட்டினாய்டுகள் என்னும் நிறச்சத்துகளை உடல் உறிஞ்சிக்கொள்ளக் கொழுப்பு தேவை. உப்பைக் குறைக்கச் சொல்லும் டேஷ் உணவுமுறைக்காரர்களுக்குச் சுமாக் பெரிய உதவி, ஏனென்றால் அந்தப் புளிப்பு இருக்கும்போது உப்புக் குறைவு தெரிவதில்லை. ஆனால் கடைச் சுமாக்கில் பெரும்பாலும் உப்பைக் கலந்தே விற்கிறார்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் தூவினால் நோக்கமே கெட்டுவிடும்.

குடலில் எளிதில் செரிக்காத சில மாவுச்சத்துகளைக் குறைக்கச் சொல்லும், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபோட்மேப் முறையைக் குடல் எரிச்சலுக்காகப் பின்பற்றுபவர்களுக்குக் கோதுமை, பூண்டு, வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டு ஆகிய மூன்றும் ஆகாது. பச்சைத் தாளை மட்டும் போட்டுக்கொள்ளலாம். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதமே குடலைப் பாதிக்கும் சீலியாக் நோயாளிகள் நிலை இதைவிடக் கடுமையானது. இவர்களிடம் "ரொட்டித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள்" என்று சொல்வது ஆபத்தான யோசனை. கிண்ணத்தின் அடியில் தங்கும் துகள்களே அவர்களின் குடலைப் புண்ணாக்கப் போதும். தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியால், ரொட்டி படாமல் கலந்து தரச் சொல்ல வேண்டும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் சோள மாவு ரொட்டியைப் பொரித்துப் போடலாம், அந்த எண்ணெயில் அதற்கு முன் கோதுமை ரொட்டி பொரிக்கப்படவில்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகு.