கூபர் பீடியில் ஆரஞ்சு உடை போட்டு ஓடி வருபவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்?

பள்ளி விடுமுறை நெருங்கினால் அடிலெய்ட் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் நாட்டின் நடுவில் இருக்கும் பெரிய பாறையான உளுருவுக்குப் பயணப் பேச்சு ஆரம்பித்துவிடும். எந்த ஊரில் இரவு தங்கலாம், வழியில் வரும் ஓபல் ரத்தினச் சுரங்க ஊரான கூபர் பீடியில் நிலத்துக்கடியில் இருக்கும் ஹோட்டலில் அறை கிடைக்குமா, சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, இட்லி மாவை ஐஸ் பெட்டியில் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். அந்த வழியில் நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் வருவார்கள் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 000-க்கு போன் போட்டால் ஆம்புலன்ஸ் வரும், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். நகரத்தில் அது சரி. அடிலெய்டுக்கு வடக்கே போர்ட் அகஸ்டாவைத் தாண்டினால் அந்தக் கணக்கு வேறு.

போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பீடி சுமார் 540 கிலோமீட்டர். நடுவில் பிம்பா, கிளெண்டாம்போ என்று விரல் விட்டு எண்ணும்படி சில இடங்கள். கிளெண்டாம்போவில் டாங்க் நிரப்பினால் அடுத்த பெட்ரோல் 254 கிலோமீட்டர் தள்ளி கூபர் பீடியில்தான். இடையில் ஒரு டீக்கடைகூடக் கிடையாது. போனில் சிக்னல் பெரும்பாலான தூரத்துக்கு இருக்காது. கிழக்கே மண் சாலையில் இறங்கினால் வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா. ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2-ஆம் தேதி 50.7 டிகிரி வெயில் பதிவானது. மேலே சூரியன், கீழே சிவப்பு மண், சுற்றிலும் ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் கார் கவிழ்ந்தாலோ, வழி தவறி யாராவது காணாமல் போனாலோ, முதலில் போய்ச் சேர்பவர்களில் பெரும்பாலானவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். பகலில் மோட்டலில் சமைப்பார்கள், பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பார்கள், ஓபல் குழி தோண்டுவார்கள். அழைப்பு வந்தால் தெற்கு ஆஸ்திரேலிய மாநில அவசர சேவையின், அதாவது எஸ்.இ.எஸ்.-இன், ஆரஞ்சு உடையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இந்த மாநிலத்தின் ஊர்ப்புறங்களில் ஆம்புலன்ஸ் நிலையங்கள் பலவும் இப்படித் தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கின்றன.

கூபர் பீடியில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 1915-இல் ஒரு பதினான்கு வயதுப் பையன் கண்ணில் ஓபல் பட்டதிலிருந்து அந்த ஊர் தோண்டிக்கொண்டே இருக்கிறது. ஊரைச் சுற்றிக் குழிகள், லட்சக்கணக்கில். ஆள் இறங்கும் அகலம், சில இருபது முப்பது மீட்டர் ஆழம், பெரும்பாலானவற்றுக்கு மூடி கிடையாது. சாலையோரத்தில் ஒரு மனிதன் குழிக்குள் தலைகீழாக விழுவது போலப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. ஓடாதீர்கள், பின்னோக்கி நடக்காதீர்கள் என்று எழுதியிருக்கும். நம்மவர்கள் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் ஃபிரேமுக்குள் எல்லோரும் வரவேண்டும் என்று போன் பிடித்திருப்பவர் பின்னால் நகர்வதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கிவிடும். குழிக்குள் விழுந்தவரைத் தூக்க ஒருவர் கயிற்றில் இறங்கவேண்டும். உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும், பக்கச் சுவர் சரியாமல் இருக்கவேண்டும், மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர்களுக்குக் கை பழகியிருக்கவேண்டும். இதெல்லாம் மாதக்கணக்கில், வேலை முடிந்த மாலைகளில், வார இறுதிகளில் பழகி வருவது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கார் வில்லியம் க்ரீக் சாலையில் கவிழ்ந்தது. சரளைக்கல்லில் வேகமாகப் போய், திடீரென்று ஸ்டியரிங்கைத் திருப்பியதால் வந்தது. ஓட்டிய அண்ணனின் கால் டாஷ்போர்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த ஒரு ரோட் ட்ரெயின் (பல டிரெய்லர்களை இழுக்கும் நீளமான லாரி) டிரைவர் ரேடியோவில் சொல்ல, அந்தச் செய்தி கை மாறி கை மாறிப் போய், மீட்புக் குழு வந்து, ஹைட்ராலிக் கத்தரியால் கதவை வெட்டி எடுத்தார்கள். வந்தவர்களில் ஒரு பெண்மணி கார் ஜன்னலுக்கு வெளியே மண்ணில் மண்டியிட்டு, அண்ணனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாராம். அந்த அம்மா ஊரில் ஒரு தங்கும் விடுதியைப் பார்த்துக்கொள்பவர் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று அவருடைய விடுதியில் யார் சாவி கொடுத்தார்கள், யார் படுக்கை மாற்றினார்கள் என்று அந்தக் குடும்பத்து அக்கா அடிக்கடி கேட்பார். கேள்வி சரியானதுதான். தன்னார்வச் சேவையை இலவசம் என்று சொல்கிறோம். நமக்குத்தான் இலவசம். அன்றைய வருமானம், டீசல், தூக்கம், எல்லாவற்றையும் அந்தச் சின்ன ஊர் தன் கையிலிருந்து போட்டுத் தருகிறது. நாமோ ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவர்கள்.

அண்ணனை அடிலெய்டுக்குக் கொண்டுவந்தது, தொலைதூர ஊர்களுக்கு விமானத்தில் மருத்துவ உதவி அனுப்பும் பிளையிங் டாக்டர் அமைப்பின் விமானம். அந்த அமைப்பின் கதையில் எனக்கு மறக்கவே முடியாத ஒரு பகுதி உண்டு. 1917-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே ஹால்ஸ் க்ரீக் பக்கம் ஜிம்மி டார்சி என்ற மாட்டுப் பண்ணைத் தொழிலாளி குதிரையிலிருந்து விழுந்து உள்ளே அடிபட்டுக்கொண்டார். அங்கே டாக்டர் கிடையாது. முதலுதவி தெரிந்த போஸ்ட்மாஸ்டர் இருந்தார். பெர்த்தில் இருந்த டாக்டர் தந்தியில் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல, போஸ்ட்மாஸ்டரே பேனாக்கத்தியால் அறுவை செய்தார். டாக்டர் கப்பல் ஏறி, கார் பிடித்து, பல நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தபோது டார்சி இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. இப்படிப்பட்ட சாவுகளைப் பார்த்துத்தான் பாதிரியார் ஜான் ஃப்ளின் விமானத்தில் மருத்துவரை அனுப்பவேண்டும் என்று விடாமல் பேசினார். 1928 மே 17 அன்று குயின்ஸ்லாந்தின் கிளான்கரியிலிருந்து முதல் விமானம் பறந்தது. நம் பர்ஸில் இருக்கும் இருபது டாலர் நோட்டின் ஒரு பக்கத்தில் இருப்பவர் ஃப்ளின்தான். ஆனால் எனக்கு அந்தப் போஸ்ட்மாஸ்டரைப் பற்றித்தான் யோசனை. விமானம் வந்த பிறகும் அவருடைய இடம் காலியாகவில்லை. நாம் வடக்கே போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் சில இடங்களில் சாலையிலேயே ஓடுபாதைக் கோடு வரைந்து வைத்திருக்கிறார்கள், விமானம் அங்கேயே இறங்கும். அது இறங்கும்வரை ரத்தத்தை நிறுத்தி, கழுத்தை அசையாமல் பிடித்து, போக்குவரத்தை நிறுத்தி வைக்க, அந்த ஊரில் இருக்கும் யாரோதான் வேண்டும்.

அரசாங்கம் சம்பளத்துக்கு ஆள் போடவேண்டியதுதானே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஆம்புலன்ஸில் போடத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. வருடம் முழுவதும் அழைப்பு வந்துகொண்டிருக்கும் வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டுவது நியாயமே கிடையாது. ஆனால் சாலை விபத்து, குழி மீட்பு, தேடுதல், வெள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் இருபத்துநான்கு மணிநேரக் குழுவை இத்தனை சின்ன ஊரில் வைப்பது நடக்கிற காரியம் இல்லை. 2022 ஜனவரி கடைசியில் பெய்த மழையில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையே துண்டிக்கப்பட்டது. விமானப்படை விமானத்தில் சுமார் இருபது டன் உணவுப்பொருள் கூபர் பீடிக்குக் கொண்டுபோகவேண்டி வந்தது. வெளியிலிருந்து யாரும் சாலையில் வரமுடியாத அப்படிப்பட்ட நாட்களில் ஊருக்குள் இருப்பவர்களை விட்டால் வேறு யார்? தன்னார்வலர்கள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். அதனால்தான் அவர்களைத் தாங்கும் பொறுப்பை அந்த ஊரின் தலையில் மட்டும் விட்டுவிடக்கூடாது என்கிறேன். அந்த ஊர் கவுன்சிலே கடன் சுமையில் 2019-இல் இடைநிறுத்தப்பட்டு நிர்வாகியின் கைக்குப் போனது. உள்ளூரில் வசூல் செய்து நடத்திக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்ல நமக்கு எப்படி மனசு வரும்?

இந்த மாநிலத்தில் வீடும் வண்டியும் வைத்திருப்பவர்கள் 1999-இலிருந்து அவசர சேவை வரி கட்டுகிறோம். எஸ்.இ.எஸ்.-க்கு வண்டியும் கருவியும் அந்தப் பணத்தில்தான் வருகின்றன, நல்ல ஏற்பாடு.  ஆனால் தன்னார்வலர்களின் நேரத்துக்கு அதில் ஒன்றுமில்லை. வேலை பார்ப்பவர் அவசர அழைப்புக்குப் போனால் முதலாளி தடுக்கக்கூடாது என்று 2009-இன் தொழில் சட்டம் சொல்கிறது. அந்த விடுப்புக்குச் சம்பளம் தரவேண்டும் என்று சொல்லவில்லை. சொந்தமாகக் குழி தோண்டுபவருக்கும் சின்னக் கடை வைத்திருப்பவருக்கும் அந்தச் சட்டமும் உதவாது, அவர்களுக்கு அவர்களே முதலாளி. 2019 டிசம்பரில் காட்டுத்தீ கொழுந்துவிட்டு எரிந்தபோது, நீண்ட நாள் களத்தில் நின்ற தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கு நாளொன்றுக்கு 300 டாலர், அதிகபட்சம் 6,000 என்று மத்திய அரசு அறிவித்தது. நாடே டிவியில் தீயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பாலைவனத்தில் கவிழ்ந்த ஒரு காரை யாரும் டிவியில் பார்ப்பதில்லை. தொலைதூர ஊர்களின் தன்னார்வலர்களுக்கு அப்படி ஒரு ஈட்டுத்தொகை நிரந்தரமாக இருக்கவேண்டும். பயிற்சிக்கு அவர்களை 850 கிலோமீட்டர் ஓட்டி அடிலெய்டுக்கு வரச் சொல்வதைவிடப் பயிற்சியாளர்கள் அங்கே போகவேண்டும். அப்புறம் இன்னொன்று. இரண்டாயிரம் பேர் இல்லாத ஊரில் கார் கதவை வெட்டித் திறந்தால் உள்ளே இருப்பவர் தெரிந்த முகமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அன்று இரவு வீட்டுக்குப் போய் அவர்கள் எப்படித் தூங்குவார்கள்? மனநல ஆலோசகர் போனில் கிடைப்பார் என்பது போதாது. நேரில் ஒருவர் போய் நாலு நாள் அங்கே தங்கவேண்டும்.

மாட்டிக்கொள்பவர்களிடமே கட்டணம் வாங்கலாமே என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. முட்டாள்தனமாகப் போனவன் கட்டட்டும் என்பார்கள். கோபம் புரிகிறது, ஆனால் எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. பில் வரும் என்று பயந்தவன் உதவி கேட்கத் தாமதிப்பான். தண்ணீர் இருக்கும்போது கூப்பிட வேண்டியவன் தண்ணீர் தீர்ந்த பிறகு கூப்பிடுவான். அப்போது தேடும் பரப்பும் பெரிதாகும், தேடுபவருக்கு ஆபத்தும் கூடும். இந்த நாட்டில் தேடல் மீட்புக்குப் பணம் கேட்பதில்லை, அது அப்படியே இருக்கட்டும். (ஆம்புலன்ஸ் வேறு. தெற்கு ஆஸ்திரேலியாவில் உறுப்பினர் திட்டமோ காப்பீடோ இல்லையென்றால் பெரிய பில் வரும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் அதைக் கட்டாயம் பாருங்கள்.)

கட்டணத்தைவிட, வாடகைக்கு ஃபோர் வீல் டிரைவ் கொடுக்கும் நிறுவனங்களிடம் இதைக் கேட்கலாம். பாலைவனப் பக்கம் போகும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பி.எல்.பி. பீக்கன் கட்டாயம் இருக்கவேண்டும். கையடக்கமான கருவி. ஆண்டெனாவை விரித்துப் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கான்பெராவில் இருக்கும் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குச் செய்தி போய்விடும். ஸ்டெப்னி இல்லாமல் வண்டியை வாடகைக்குக் கொடுப்பார்களா? பீக்கனையும் அந்த வரிசையில் சட்டம் போட்டுச் சேர்க்கவேண்டும். தேடும் பரப்பு நூறு கிலோமீட்டரிலிருந்து ஒரு புள்ளியாகச் சுருங்கினால், அந்த அம்மாவுக்கு விடுதியை விட்டு வெளியே இருக்கும் நேரமும் குறையும்.

நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. கூபர் பீடியில் நின்றால் பெட்ரோலும் சாப்பாடும் அங்கேயே வாங்குங்கள், முடிந்தால் ஒரு இரவு கூடத் தங்குங்கள். மீட்பு அழைப்பு வந்ததும் ஊழியரை விடும் கடைக்குக் கிடைக்கும் வியாபாரம், சுற்றி வந்து மீட்புக் குழுவுக்கே உதவுகிறது. தமிழ்ச் சங்க விழாக்களில் நாம் வசூல் செய்கிறோம், வெள்ள நிவாரணத்துக்கு ஊருக்கு அனுப்புகிறோம். அதில் ஒரு பங்கு நாம் ஓட்டிப்போகும் சாலையைக் காக்கிறவர்களுக்கும் போகட்டும். அனுப்புவதற்கு முன் அந்த எஸ்.இ.எஸ். குழுவிடமே என்ன தேவை என்று கேளுங்கள், நாமே முடிவு செய்து போர்வையும் பிஸ்கட்டும் அனுப்பவேண்டாம். தொலைதூர ஊர்களில் வேலை கிடைத்துப் போகும் நம் டாக்டர்கள், நர்ஸ்கள், இன்ஜினியர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள், விசா நிபந்தனை முடியும் நாளை எண்ணிக்கொண்டு இருக்காமல் உள்ளூர்க் குழுவில் சேருங்கள். கயிறு பிடிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. ரேடியோ பார்க்கவும், கணக்கு எழுதவும், வண்டி கழுவவும்கூட ஆள் இல்லாமல் அந்தக் குழுக்கள் திணறுகின்றன.

ஜூலை விடுமுறைக்கு வடக்கே போகும் அடிலெய்ட் குடும்பங்களுக்கு: என்னிடம் ஒரு பீக்கன் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். அரசுத் தளத்தில் பதிவும் இலவசம்தான், ஆனால் உங்கள் பயணத் தேதி, வண்டி எண், போகும் வழி, அவசரத்துக்கு அழைக்கவேண்டிய ஆள் எல்லாவற்றையும் நான் அதில் மாற்றிப் போடவேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாடியே உள்பெட்டியில் சொல்லிவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு குடும்பம் கேட்டால், ஊட்னடாட்டா பக்கம் மண் சாலையில் போகிறவர்களுக்குத்தான் முதலில் கொடுப்பேன்.