அந்த இழைப்புளி திப்பு காலத்தது அல்ல

இணைய ஏலத்தில் ஒரு பழைய இழைப்புளி, அதாவது மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவி, விற்பனைக்கு வந்திருக்கிறது. திப்பு சுல்தானின் தச்சர்கள் கையாண்டதாம். வேலூர்க் கோட்டை அகழியில் கிடைத்ததாம். இருநூறு ஆண்டுப் பழமையாம், கருங்காலிப் பிடியாம், வெளிநாடுகளுக்கும் அனுப்பிவைப்பார்களாம். தொடக்க விலை பதினெட்டாயிரம் ரூபாய். நான் காட்பாடியில் மரவேலை செய்து பிழைக்கிறவன் என்பதால், வாங்கலாமா என்று கேட்டு நண்பர்கள் பலர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லோருக்குமாகப் பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள்.

முதலில் போட்டிருந்த படங்களில் ஒன்றில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. ஸ்டான்லி, மேட் இன் இங்கிலாந்து. திருகைச் சுழற்றி, மரத்தைச் சீவும் அலகை ஏற்றி இறக்கும் இந்த அமைப்பை உருவாக்கியவர் லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கர். அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் வாங்கியது. அந்த நிறுவனம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இழைப்புளி செய்யத் தொடங்கியதோ 1930-களின் நடுப்பகுதிக்குப் பிறகு. திப்பு இறந்தது 1799-இல். வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்த அவருடைய குடும்பத்தாரை 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வரலாறு இது. அவர்கள் கோட்டையைவிட்டுப் போனதற்கும் இந்த இழைப்புளி வார்க்கப்பட்டதற்கும் நடுவே 130 ஆண்டுகளாவது இருக்கும்.

விற்பவர் தெரியாமல் எழுதியிருக்கலாம் என்று நினைத்து, மரியாதையாகவே இதை அவருக்கு எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அந்த ஒரு படம் மட்டும் விளம்பரத்திலிருந்து காணாமல் போயிருக்கிறது. எழுதிய கதையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அவர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நூறு ஆண்டுகளைத் தாண்டிய, பழங்காலக் கைத்தொழிலைக் காட்டும் பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. கோட்டையோ இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆக, விளம்பரம் மெய்யானால் விற்பவர் சட்டத்தை மீறுகிறார். பொய்யானால் வாங்குகிறவரை ஏமாற்றுகிறார். மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

திப்பு கதை அப்பட்டமானது, பிடித்துவிடலாம். பாதி உண்மையை வைத்துக் கட்டும் கதைகளைப் பிடிப்பதுதான் கடினம். அமெரிக்காவில் செய்த சில ஸ்டான்லி இழைப்புளிகளில் அலகுக்குப் பின்னால், உடலின் வார்ப்பிலேயே 1902, 1910 என்ற ஆண்டுகள் இருக்கும். அவை காப்புரிமை பெற்ற தேதிகள். மூன்று தேதிகளில் கடைசியாக 1910 இருக்கும்போது, முதல் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு 1902-இல் செய்தது என்று எழுதுகிறார்கள். ரம்பங்களில் 'வாரன்டட் சுப்பீரியர்' என்று பித்தளை வில்லை பதித்திருந்தால் அதை ஏதோ மறைந்துபோன பெரிய நிறுவனத்தின் பெயர் போலக் காட்டுகிறார்கள். தரத்துக்கு உறுதி சொல்லும் பொதுவான வாசகம் அது. பல தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரைப் போடாமல் விற்ற ரம்பங்களில் அந்த வில்லையைத்தான் பதித்தார்கள். உளியில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று இருந்தாலும் இதே கதைதான். 1740-களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசை என்னும் மண்கலத்தில் உருக்கி எஃகு எடுக்கத் தொடங்கினார். அந்த முறையில் எடுத்த எஃகு என்பதைச் சொல்லும் முத்திரை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் உளிகளில் சர்வ சாதாரணமாக இருக்கும். அரிது என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

உளியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பழைய உளிகள் பலவற்றில் உடல் மென்மையான இரும்பு. அதன் ஒரு முகத்தில் மட்டும் மெல்லிய எஃகை உலையில் காய்ச்சி அடித்து ஒட்டவைத்திருப்பார்கள். எஃகு விலை மிகுந்திருந்த காலத்துச் சிக்கனம் அது, அருமையான வேலையும்கூட. தீட்டிய சரிவைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு ஓடும். வெட்டுவது அந்த எஃகுதான். தீட்டித் தீட்டி எஃகு உள்ள நீளம் தீர்ந்துவிட்டால் உளியின் ஆயுளும் தீர்ந்தது. ஆனால் ஏலப் படங்களில் முத்திரை பளிச்சென்று இருக்கும், பிடி மினுமினுக்கும், அலகு எவ்வளவு மிச்சம் என்பது மட்டும் தெரியாது. கேட்டால், பழம்பொருளை அப்படியெல்லாம் அளக்கக்கூடாது என்று பதில் வருகிறது. ஏன் கூடாது? உளியில் அளக்க வேண்டியதே அதைத்தான்.

பிடிக்கு வருவோம். கருங்காலி மாலை மோகம் வந்ததிலிருந்து கறுப்பாக இருக்கும் மரமெல்லாம் கருங்காலி ஆகிவிட்டது. இங்கிலாந்தில் செய்த ஸ்டான்லியின் பிடி பெரும்பாலும் சாயம் ஏற்றிய பீச் மரம். நம் பக்கத்துத் தச்சர்கள் மாற்றிப் போட்ட பிடி என்றால் பெரும்பாலும் கருவேலம்தான், அதில் குறைவு ஒன்றும் இல்லை. துருவும் இப்படித்தான். புழங்கிய இரும்பில் கைபட்ட இடம் வழவழப்பாகவும் படாத இடம் கறுத்தும் இருக்கும். உடல் முழுக்க ஒரே சீராகச் செம்மண் பூசியதுபோலத் துரு இருந்தால், உப்புத் தண்ணீரின் வேலையோ என்று சந்தேகப்படுங்கள்.

இதனால் நஷ்டப்படுகிறவர் யார் என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அழகுக்கு அலமாரியில் வைக்கிறவர் பணத்தை இழப்பார், அதோடு சரி. ஆனால் இந்தக் கதைகளால் விலை ஏறி, குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ தொழில் பழகும் ஒரு பையனுக்கு, நல்ல வார்ப்புள்ள நான்காம் எண் இழைப்புளி எட்டாத பொருளாகிவிடுகிறது. உலகில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு அது. இன்னொரு பக்கம், தச்சர் இறந்தபின் அவர் வீட்டார் கருவிப் பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து எடைக்கு வாங்கியதைத்தான் சிலர் அரண்மனைக் கதை சேர்த்து ஏலத்தில் விடுகிறார்கள். அந்த இழைப்புளியை நாற்பது ஆண்டுகள் பிடித்து ஊரின் பாதி நிலைக்கதவுகளைச் செய்த ஆசாரியின் பெயர் எங்கும் இல்லை. பிடியில் அவர் கீறிவைத்த இனிஷியலைக்கூட அரசச் சின்னம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு தொழிலாளியின் வாழ்நாள் உழைப்பை அவரிடமிருந்து பறித்து, அதைப் பார்த்தேயிராத ஒரு மன்னருக்குக் கொடுப்பது அநியாயம்.

ஏமாந்தவர்கள் வாயைமூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. விவரித்ததற்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. ஏலத்தில் விற்பவரே ஆள் வைத்துப் பொய்யாக விலை ஏற்றினால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம் என்று 64-ஆவது பிரிவு சொல்கிறது. விளம்பரம் மாற்றப்படுவதற்கு முன்பே முழுவதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டில் தந்தையின் கருவிகள் இருந்து, விற்கவும் நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிப்பக்கத்தையும், அலகு வெளிவரும் வாயையும், பக்கவாட்டில் விரிசல் இருந்தால் அதையும் படமெடுத்துப் போடுங்கள். அலகின் மிச்ச நீளத்தை அளவுகோல் வைத்துக் காட்டுங்கள். எந்த ஊரில் யார் என்ன வேலைக்குப் புழங்கியது என்று தெரிந்தவரை எழுதுங்கள், தெரியாததை விட்டுவிடுங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் அப்படி யார் விற்றாலும் எனக்குத் தெரிவியுங்கள். நியாயமான விலைக்கு நான் வாங்கிக்கொள்கிறேன், அல்லது தொழில் பழகும் பிள்ளைகள் யாருக்குத் தேவையோ அவர்களிடம் சேர்த்துவிடுகிறேன்.