அரசு ஜீப்புக்கு இன்சூரன்ஸ் இல்லைதான், ஆனால் இழப்பீடு உண்டு

அரசு வண்டி மோதிய விபத்துக்கு இழப்பீடு கேட்பது பற்றி, "அரசு வண்டிக்கு இன்சூரன்ஸே கிடையாது, அரசு மேல கேஸும் போட முடியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி ஓரளவு சரி. மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவு, வணிக நோக்கமில்லாத மத்திய, மாநில அரசு வாகனங்களுக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்கு தருகிறது. அதனால் பொறுப்பு காணாமல் போய்விடாது. காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டிய பணத்தை வண்டியின் உரிமையாளரான அரசே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இது புதிய விஷயமும் இல்லை. உதய்ப்பூரில் கலெக்டரின் ஜீப்பை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓட்டிவந்த டிரைவர், வழியில் ஒருவரை மோதிக் கொன்ற வழக்கில், ராஜஸ்தான் அரசுதான் பொறுப்பு என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊரில் இழப்பீடு கட்டாத அரசு பஸ்ஸை ஜப்தி செய்த செய்தியைப் படிக்காதவர் உண்டா?

அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். விபத்து நடந்த ஊருக்கே அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயமே போதும். டிரைவரோடு, வண்டி எந்தத் துறையுடையதோ அதையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். டிரைவரின் தவறை நிரூபிக்க முடியாத நிலையிலும் 164-ஆம் பிரிவு இருக்கிறது: உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். அப்புறம், 2022 ஏப்ரலிலிருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு வந்திருக்கிறது. "கேஸ் நிற்காது" என்ற பேச்சை நம்பி அதைத் தவறவிடாதீர்கள்.