கால அட்டவணையைச் சுவரில் ஒட்ட வேண்டாம்

நேற்று இரவு பத்து மணிக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி கோல் எடுத்தாள். மகனுக்கு நாலே கால் வயது. நேர்சரியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிப்பிப்பதாக முடிவெடுத்து மூன்று நாள்தான், அதற்குள் நித்திரை போய்விட்டது. "அக்கா, பிள்ளையின்ர வாழ்க்கையை நானே பாழாக்கிறனா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்பொக்ஸுக்கு வருகிறவர்கள் வேறும் இருக்கிறார்கள்.

மகளை வீட்டில் படிப்பிக்கத் தொடங்கிய எங்கள் முதல் வாரம் படுமோசம். எட்டு மணிக்குத் தமிழ், எட்டே முக்காலுக்குக் கணக்கு என்று கலர் கலராக அட்டவணை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். புதன்கிழமை மகளுக்கு 'இ' எழுதப் பழக்கினேன். அந்தச் சுழி அவளுக்கு வரவே இல்லை. ஏழாவது தரம் அழித்ததில் கொப்பித் தாள் கிழிந்தது. பென்சிலை எறிந்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

மாமி ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "கை இன்னும் பழகேல்ல, விடு பிள்ளை" என்றார். அடுத்த நாளிலிருந்து பேத்தியைப் பக்கத்தில் இருத்தி, பயற்றங்காய் முறிக்கவும் ரொட்டிக்கு மா உருட்டவும் விட்டார். விரலுக்குப் பலம் வந்தால்தானே பென்சில் சொல்வழி கேட்கும்! இரண்டு மாதம் கழித்துத் தானாகவே 'இ' எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடமே தொடங்குகிறது. நாம் நாலு வயதில் கையெழுத்து அழகில்லை என்று கவலைப்படுகிறோம்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் படிப்பிப்பது? இந்த வயதில் மேசையில் ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடம். எல்லாம் சேர்த்து ஒரு மணித்தியாலம் தாராளம். மிச்சம் வெளியில் கிடக்கிறது. கொழும்பின் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் வந்தால் அதன் பலகையில் பாணந்துறை, புறக்கோட்டை என்று இருக்கும். "ரெண்டிலயும் 'ப' இருக்கு, ஒண்டுக்குக் கால் இருக்கு, மற்றதுக்கு வால் இருக்கு" என்று மகள் ஒரு நாள் கத்தினாள். உயிர்மெய் இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. 101 வந்தால் நூறுக்கு அடுத்தது என்ன என்ற பாடமும் முடிந்தது. சந்தையில் கால் கிலோ கரட்டும் மிச்சக் காசும் போதும், கணக்குக்கு வேறு புத்தகம் தேவைப்படவில்லை. புத்தகம் வேண்டுமென்றால், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அரசாங்கப் பாடநூல்களை இலவசமாகத் தரவிறக்கலாம். கதைப் புத்தகத்துக்கு வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது.

"பிள்ளை ஆக்களோட பழகாதே?" என்ற கேள்வி வரும். அநேகமாக லிப்டுக்குள் வைத்து வரும். எங்கள் மாடியில் பின்னேரம் ஆறு பிள்ளைகள் ஓடுகிறார்கள். மகள் சிங்களம் பழகியது அந்தக் கொரிடோரில்தான், என்னிடமிருந்து அல்ல. ஆனால் வீட்டில் தனிப்பிள்ளை, மாடியிலும் பிள்ளைகள் இல்லையென்றால், இதற்கு நீங்கள் மெனக்கெடத்தான் வேண்டும்.

பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். நாலு வயதில் யாரும் கேட்க மாட்டார்கள். ஐந்துக்குப் பிறகும் தொடர்வதென்றால், முதலில் வலயக் கல்வி அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிவாகுங்கள். பிள்ளை செய்கிற வேலைகளைத் திகதி போட்டு ஒரு பைலில் வையுங்கள். தரம் ஒன்று அனுமதியை விட்டுவிட்டால், பிறகு பெயர்போன அரசாங்கப் பாடசாலைக்குள் நுழைவது லேசில்லை. அதைக் கணவன் மனைவி இருவரும் இருந்து இப்போதே பேசுங்கள். ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பாடசாலைக்குப் போகாமல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் எழுதலாம். அதற்கு இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறது, தாயே!

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். 2022இல் பெட்ரோல் இல்லாமல் கொழும்பில் திரும்பவும் மூடினார்கள். அப்போது நாங்கள் எல்லோரும், விரும்பியோ விரும்பாமலோ, வீட்டு வாத்தியார்கள்தான்.

கடைசியில் தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நானும் டைம்டேபிள் பிரிண்ட் எடுத்திட்டன். லமினேட் பண்ணக் குடுக்க இருந்தனான்."

லமினேட் பண்ண வேண்டாம், பின்பக்கம் வெள்ளைதானே, மகனுக்குப் படம் கீறக் கொடு என்றேன்.