எஸ்றா கேட்ட கேள்விகள்

உலக முடிவைப் பற்றிப் பேசும் பழைய நூல் என்றாலே நம்மில் பலர் அதில் தேடுவது எந்த வருஷம், எந்த ராஜா, எந்த மிருகம் என்பதைத்தான். பழைய ஏற்பாட்டில் வரும் யூத வேத அறிஞரான வேதபாரகன் எஸ்றாவின் பெயரில் வந்த நூல்களையும் அப்படியே வாசிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவற்றில் முதன்மையான நான்காம் எஸ்றா, தன் நகரத்தையே பறிகொடுத்த ஒரு ஜனத்தின் ஒப்பாரி. அப்படித்தான் அதை வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் தேவாலயத்தைத் தீக்கிரையாக்கினார்கள். சுமார் 30 ஆண்டுகள் கழித்து, பெயர் தெரியாத ஒரு யூதர் இதை எழுதினார். கதையை அவர் பல நூற்றாண்டுகள் பின்னால் கொண்டுபோய், பாபிலோனியர் எருசலேமை அழித்த பிறகு வரும் 30ஆம் ஆண்டில் வைக்கிறார். பாபிலோனில் படுக்கையில் கிடந்து எஸ்றா கலங்குகிறார். வேதாகமத்தில் நாம் பார்க்கும் எஸ்றா அதற்கு ஒரு நூற்றாண்டு பிந்தியவர். அதனாலேயே இதைப் போலி என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணெதிரே நடந்த அழிவைப் பேச வாய் வராதபோது, முன்னோர் அழுத அழுகையைக் கடன் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

எஸ்றாவின் கேள்வி நேரானது. எங்கள் பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்றால், பாபிலோன்காரர்கள் எங்களைவிட யோக்கியர்களா? கடவுள் அனுப்பிய ஊரியேல் தூதன் பதில் சொல்லாமல், நெருப்பை நிறுத்துக் காட்டு, காற்றை அளந்து காட்டு, போன நாளைத் திரும்பக் கூப்பிடு என்று மடக்குகிறான். எஸ்றா மசியவில்லை. மேலுலகத்து வழிகளை நான் கேட்கவில்லை, தினமும் எங்களுக்கு நடப்பதைத்தான் கேட்கிறேன் என்கிறார். பக்தி என்றால் வாயை மூடிக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த இடத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

மூன்று தரிசனங்கள் வரை இந்த வாக்குவாதம் ஓய்வதில்லை. நான்காவதில் அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண் வருகிறாள். 30 வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து பெற்ற மகன், கல்யாணத்தன்று மணவறைக்குள் போனதும் விழுந்து இறந்துவிட்டான். எஸ்றா முதலில் அவளிடம் கோபப்படுகிறார். சீயோனே, அதாவது எருசலேமே, அழியும்போது நீ ஒரு மகனுக்காக அழுகிறாயே என்கிறார். அப்புறம் அவளைத் தேற்றத் தொடங்குகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் ஒளிவீசி, அவள் இருந்த இடத்தில் ஒரு நகரம் எழும்புகிறது. அதன்பின் எஸ்றா முன்போல வாதாடுவதில்லை. தூதனின் விளக்கங்கள் செய்யாததை, இன்னொருவர் துக்கத்துக்கு ஆறுதல் சொன்னது செய்தது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அடுத்து வரும் கழுகுத் தரிசனம் ரோமப் பேரரசைப் பற்றியது. பன்னிரண்டு சிறகு, மூன்று தலை என்று கணக்குப் போடுகிறவர்கள் எல்லாரும் ஓடுவது அங்கேதான். போகட்டும்.

இந்த நூலின் எபிரெய மூலமும் இல்லை, முழுக் கிரேக்கப் பிரதியும் இல்லை. லத்தீன், சிரியாக், எத்தியோப்பிய மொழி போன்ற மொழிபெயர்ப்புகளால்தான் பிழைத்தது. லத்தீனிலும் ஒரு விபத்து. கி.பி. 822இல் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியில் ஒரு தாளை யாரோ வெட்டி எடுத்துவிட, அதைப் பார்த்து எழுதப்பட்ட பிரதிகளில் ஏழாம் அதிகாரத்தின் 70 வசனங்கள் காணாமல் போயின. நியாயத்தீர்ப்பு நாளில் தகப்பன் மகனுக்காகவோ மகன் தகப்பனுக்காகவோ மன்றாட முடியாது என்பது அந்தத் தாளில்தான் இருந்தது. இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கத்துக்கு அது இடித்ததால் வெட்டியிருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. 1611 கிங் ஜேம்ஸ் பதிப்பிலும் அந்த வசனங்கள் இல்லை. ஆனால் 'ஆபிரகாம் சோதோமுக்காக மன்றாடினாரே' என்ற எஸ்றாவின் எதிர்வாதம் மட்டும் அங்கே தலையும் காலும் இல்லாமல் நின்றது! பென்ஸ்லி என்ற ஆங்கில அறிஞர் பிரான்ஸின் ஆமியான் நகரத்துப் பிரதியில் விடுபட்ட பகுதியைக் கண்டெடுத்து 1875இல் வெளியிட்டார்.

பிற்காலக் கிறிஸ்தவர்களும் எஸ்றாவை விடவில்லை. கிரேக்க எஸ்றா வெளிப்பாடு என்ற நூலில் அவர் நரகத்தைப் பார்த்துவிட்டு வந்து பாவிகளுக்காகக் கடவுளிடமே சண்டை போடுகிறார். கடைசியில் உயிரை எடுக்க தூதர்கள் வர, வாய் வழியாக எடுக்க முடியாது, இந்த வாயால் நான் கடவுளோடு பேசினேன் என்று மறுக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

எத்தியோப்பியத் திருச்சபைக்கு நான்காம் எஸ்றா இன்றும் வேதம். நம் தமிழ் வேதாகமத்தில் கிடையாது, கத்தோலிக்கர் தங்கள் வேதாகமத்தில் கூடுதலாகச் சேர்த்திருக்கும் இணைத்திருமுறை நூல்களிலும் இல்லை. ஆங்கிலத்தில் அப்போக்கிரிபா என்ற கூடுதல் நூல்கள் சேர்ந்த பைபிள்களில் இரண்டாம் எஸ்திராஸ் என்ற பெயரில் இருக்கும். அதில் முதல் இரண்டும் கடைசி இரண்டும் பிற்காலத்தில் கிறிஸ்தவர்கள் சேர்த்த அதிகாரங்கள். மூன்றாம் அதிகாரத்தில் தொடங்குங்கள், பத்தாவது வரைக்குமாவது படித்துவிடுங்கள்.