சுரங்கம் பெரிதாகவில்லை, ஆனால் கழிவு பெருகும்

"சுரங்கப் பரப்பு ஒரு ஏக்கர்கூடக் கூடவில்லை, தாது செறிவூட்டும் ஆலையை மட்டும்தான் பெரிதாக்குகிறார்கள், அதற்கு எதற்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. இந்தியாவில் 2006 செப்டம்பர் 14-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் சுரங்கம் 1(அ), தாது செறிவூட்டல் 2(ஆ) எனத் தனித்தனி இனங்கள். விரிவாக்கத்துக்கும் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று அதே அறிவிக்கை சொல்கிறது.

சட்டத்தை விடுங்கள், ஆலைக்குள் நடப்பதைப் பாருங்கள். பாறையை மாவாக அரைத்து, தண்ணீரில் கலந்து, தாதுவைப் பிரித்தபின் மிஞ்சுவது சேறு. ஆலை கூடுதலாக அரைத்தால் தண்ணீர்த் தேவையும் சேறும் கூடும். அந்தச் சேறு பெரும்பாலும் ஓர் அணைக்குப் பின்னால்தான் போய் நிற்கும். தாக்க மதிப்பீட்டில் நான் முதலில் தேடுவது அந்த அணையைப் பற்றிய பக்கங்களைத்தான்.

பிரேசிலின் சமார்கோ என்ற இரும்புத்தாது நிறுவனம் 2014-ல் மூன்றாவது செறிவூட்டும் ஆலையைத் திறந்து, உற்பத்தித் திறனை ஏறத்தாழ 37 சதவீதம் உயர்த்தியது. 2015 நவம்பர் 5-ல் அதன் ஃபுன்டாவ் கழிவணை உடைந்தது. 19 பேர் இறந்தார்கள். பென்டோ ரோட்ரிகெஸ் கிராமம் சேற்றில் புதைந்தது. தோசி ஆறு வழியாக அதே மாதம் சேறு அட்லாண்டிக் கடலையே எட்டியது. சரி, உடைந்ததற்கு விரிவாக்கம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வடிகால் கோளாறும், நுண்சேற்றின்மேல் கரையை எழுப்பியதும் விசாரணையில் வெளிவந்தன. ஆனால் செத்தவர்களைக் கொன்றது சுரங்கக் குழி அல்ல, ஆலையின் கழிவு.