பெட்ரோலும் நானே போட்டுக் கொடுத்தேன்

"அஞ்சு நிமிஷம்தான் மாமா." இந்த மூன்று சொற்களை இனி யாராவது என் முன்னால் சேர்த்துச் சொன்னால் நான் மனிதனாக இருக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். மனைவியின் தம்பி, அதாவது என் மச்சினன், ஒரு சனிக்கிழமை காலை என் காரை வாங்கிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போனான். முடி வெட்ட வேண்டும், காரைக் கழுவ வேண்டும், மளிகை வாங்க வேண்டும், எல்லாம் அங்கே மலிவு. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது என்றால் நம் ஆட்களுக்குத் தலைமுடிகூட வேகமாக வளரும். சாயங்காலம் திரும்பும் வழியில் பீசாங் கோரெங் என்கிற பொரித்த வாழைப்பழத்தின் வாசம் வந்திருக்கிறது. சாலையோரம் நிறுத்தினான். உள்ளே குளிர் போய்விடக் கூடாதாம், என்ஜினை அணைக்கவில்லை. நான்கைந்து பேருக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றான். பழம் பொரிந்து வெளியே வந்தபோது கார் இல்லை.

"சாவி என்கிட்டத்தான் இருக்கு மாமா. எப்படி மாமா எடுத்துட்டுப் போக முடியும்?" என்று போன் போட்டு என்னிடமே கேட்கிறான்.

முடியும்டா. பொத்தானை அழுத்திக் கிளப்புகிற கார் அது. கிளப்பத்தான் சாவி பக்கத்தில் இருக்க வேண்டும். கிளம்பிய பிறகு சாவி தூரமாகப் போனால் கார் 'பீப் பீப்' என்று கத்தும், சாவியைக் காணோம் என்று திரையில் எழுத்து வரும், அவ்வளவுதான். தானாக நிற்காது. சாவியின் பேட்டரி தீர்ந்ததற்காக விரைவுச்சாலை நடுவில் என்ஜின் நின்றால் பின்னால் வருகிற லாரி என்ன ஆகும்? அதனால் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். திருடனுக்குக் காது இருந்தாலும் அந்தச் சத்தம் ஒரு பொருட்டா?

அதைவிட வயிறு எரிவது பெட்ரோலை நினைத்தால்தான். சிங்கப்பூர் கார் எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். மச்சினனுக்கு அந்தக் கவலை வேண்டாமே என்று வெள்ளிக்கிழமை இரவு நானே போய் முழு டாங்கும் நிரப்பிக் கொடுத்தேன். சிங்கப்பூர் விலையில். திருடன் எத்தனை கிலோமீட்டர் போனானோ, அத்தனையும் என் செலவு.

காரின் விலையைக் கேட்டால் அங்கே இருக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். 2023 அக்டோபரில் சிறிய காருக்கான சிஓஇ 106,000 வெள்ளிக்குப் போனது. என் நேரம், அப்போதுதான் வாங்கினேன். அது காரை வைத்துக்கொள்ளும் உரிமைக்கான காகிதத்தின் விலை மட்டும், அதுவும் பத்தே ஆண்டுகளுக்கு. அப்புறம் 20 விழுக்காடு சுங்க வரி, ஜிஎஸ்டி, கூடுதல் பதிவுக் கட்டணம். கப்பலில் வந்து இறங்கும்போது இருபதாயிரம் வெள்ளிக்குச் சொச்சம் பெறுமான தகரப் பெட்டி, என் புளோக் கீழே வந்து நிற்கும்போது ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. திருடனுக்கு இந்தக் காகிதத்தால் சல்லிக்காசு பயனில்லை. அவனுக்கு வேண்டியது விளக்கு, சக்கரம், கியர்பெட்டி. அவன் சில ஆயிரம் பார்ப்பதற்காக நான் ஒன்றரை லட்சத்தைத் தொலைத்தேன். கார் எங்கே இருந்தாலும் அந்தப் பத்தாண்டுக் கணக்கு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏழு ஆண்டுத் தவணை வேறு. மாதம் பிறந்ததும் வங்கிக்காரர்கள் ஒரு நாள் தவறாமல் பிடித்துக்கொண்டார்கள்.

என் பெரியம்மா குடும்பம் ஜோகூரில் இருக்கிறது. அவர்களிடம் இருப்பது மைவி என்கிற ஒரு பழைய கார். அதைப் பூட்டுவதைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கில் சிவப்புத் தடி, பிரேக் மிதியில் இன்னொரு பூட்டு, இருக்கைக்கு அடியில் எங்கேயோ ஒரு ஒளிவு சுவிட்ச். அதைப் போடாவிட்டால் பெட்ரோல் பம்பு வேலை செய்யாது. அரிசி வாங்கப் போனாலும் இந்த மூன்றும் உண்டு. நாங்கள் சிரிப்போம். பெரியம்மா ஒரு தடவை கேட்டார்: "ஏண்டா, அவ்வளவு காசு போட்டு வாங்குறீங்க, ஒரு அம்பது ரிங்கிட்டுக்குப் பூட்டு வாங்க மாட்டீங்களா?" அன்றைக்கும் சிரித்தோம்.

நமக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போய்விட்டது. சாப்பாட்டுக்கடையில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து மேசை பிடிக்கிற ஊர் இது. கைப்பேசியை மேசையிலேயே விட்டுவிட்டுக் கோழிச்சோறு வாங்கப் போகிறோம். குற்றம் குறைவு என்றால் குற்றமே இல்லை என்று ஆகாது என்று காவல்துறை சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, நாம் கேட்டுக் கேட்டு மரத்துவிட்டோம். இங்கே காரைத் திருடி எங்கே கொண்டுபோவான்? தீவிலிருந்து வெளியே போக இரண்டே பாலங்கள், இரண்டிலும் சோதனைச்சாவடி. மாட்டினால் ஏழு ஆண்டு வரை சிறை. இதெல்லாம் நம்மைக் காப்பாற்றுகிறது என்றே நமக்குத் தெரிவதில்லை, என்னவோ நம் கார்தான் யாரும் தொட முடியாத கார் என்று நினைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டுகிறோம். இங்கே நிறுத்திவிட்டு என்ஜினை ஓடவிட்டால் அபராதம் என்று மச்சினனுக்குத் தெரியும். பாலம் தாண்டியதும் மறந்துவிட்டது.

கார் போன மறுநாளே குடும்ப வாட்ஸ்அப்பில் நிபுணர்கள் முளைத்தார்கள். ஒரு சித்தப்பா, பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஏர்டேக் வில்லை ஒன்றைக் காரில் வைத்திருக்கலாமே என்றார். வைத்திருக்கலாம். ஆனால் அந்த வில்லை திருடனின் ஐபோனுக்கே 'முன்பின் தெரியாத வில்லை ஒன்று உன்னோடு வருகிறது' என்று சேதி சொல்லும். ஒருவரை ஒருவர் வேவு பார்க்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். சிம் போட்ட ஜிபிஎஸ் கருவி பரவாயில்லை, ஆனால் நம் சிம்முக்கு அங்கே ரோமிங் இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்தார்கள்? இன்னொருவர் சாவி சமிக்ஞையைத் திருடும் வீடியோவை அனுப்பினார். அது உண்மைதான். ஒருவன் சாவிக்குப் பக்கத்தில் கருவியோடு நிற்பான், இன்னொருவன் காருக்குப் பக்கத்தில். சாவியின் அலையை இருவரும் கடத்திக்கொடுக்க, கார் திறந்துகொள்ளும். வீவக அடுக்குமாடி வீட்டில் கார் ஏதோ ஒரு மாடியில், நாம் ஏதோ ஒரு மாடியில், கொஞ்சம் சிரமம். ஆனால் ஜோகூர் பாரு சாப்பாட்டுக்கடையில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நிற்கும் காரை ரசித்துக்கொண்டே தோசை சாப்பிடுகிறோம் பாருங்கள், அங்கே ரொம்ப சுலபம்.

அந்த வீடியோ பார்த்ததிலிருந்து வீட்டில் எல்லாச் சாவியும் முறுக்கு டின்னில். சும்மா போட்டால் போதாது. டின்னை மூடி எடுத்துக்கொண்டு காரிடம் போய்க் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் அந்த டின் முறுக்குக்கு மட்டும்தான். நண்பன் கார் ஒன்றை வைத்துச் சோதித்தேன். மூன்று டின்னில் ஒன்று தேறியது. இதையும் தாண்டுகிறவர்கள் உண்டு. 2022இல் லண்டனில் கார்ப் பாதுகாப்பை ஆராய்வதே தொழிலாக இருந்தவரின் டொயோட்டா ராவ்4 காரையே, முன்விளக்குப் பக்கத்து வயரில் கருவியைச் செருகி ஓட்டிக்கொண்டு போனார்கள். அவன்களுக்கு என்ன செய்ய முடியும், பெரியம்மாவின் தடிதான்.

சரி, காப்புறுதிக்கு வருகிறேன். அங்கே மலாயில் எழுதிய போலிஸ் புகார், இங்கே இன்னொரு புகார், பதிவுப் பத்திரம், ஓட்டியவன் உரிமம், படிவத்துக்குமேல் படிவம். எல்லாம் கொடுத்தாகிவிட்டது. "இரண்டு சாவியையும் ஒப்படைக்க வேண்டும்" என்றார்கள்.

இரண்டாவது சாவி.

இவ்வளவு நேரம் மச்சினனைத் திட்டினேன் இல்லையா? இரண்டாவது சாவியைக் காரின் முன்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தது நான்தான். அவசரத்துக்கு உதவும் என்று. உதவியது, திருடனுக்கு. அது உள்ளே இருந்ததால் கார் ஒரு தடவைகூடச் சாவியைக் காணோம் என்று கத்தியிருக்காது. அவன் அணைத்து அணைத்துக் கிளப்பியிருக்கலாம், சொந்தக்காரன் மாதிரி. இதை வாய்விட்டுச் சொன்னதிலிருந்து காப்புறுதிக்காரர்களின் பதில் ஒன்றேதான்: பரிசீலனையில் இருக்கிறது. ஐந்து மாதமாகப் பரிசீலிக்கிறார்கள். பணம் கிடைத்தாலும் அன்றைய சந்தை மதிப்புதான், கொடுத்த விலை இல்லை.

கார் என்னவோ திருடு போய்ப் பத்தொன்பது நாள் கழித்தே கிடைத்துவிட்டது. குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரம். நானும் மச்சினனும் பஸ்ஸில் போனோம். நான்கு செங்கல்மேல் நின்றது. சக்கரம் இல்லை, முன்விளக்கு இல்லை, இருக்கைகள் இல்லை, எண் பலகை இல்லை. சேசிஸ் எண்ணை வைத்துத்தான் என்னுடையது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். பின்பக்கத்துத் தரையில் மகளின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. முன்னால் எட்டிப் பார்த்தேன். ஈஆர்பி என்கிற சாலைக் கட்டணத்தைக் கட்டும் ஐயூ பெட்டி மட்டும் ஒட்டின இடத்தில் அப்படியே இருந்தது. அவனுக்கெதற்கு அது? உள்ளே இருந்த கேஷ்கார்டை மட்டும் உருவிவிட்டிருந்தான்.

இன்று மத்தியானம் மச்சினன் வீட்டுக்கு வந்தான், கூட்டாளியின் மோட்டார்சைக்கிளில். தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்க்கிறேன், கீழே வண்டியிலேயே சாவி தொங்குகிறது. கேட்டால் என்ன சொன்னான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் சாப்பிட உட்கார்ந்ததும் கீழே போய் சாவியை உருவிக்கொண்டு வந்து முறுக்கு டின்னில் போட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் கீழே தேடிக்கொண்டிருக்கிறான். அரை மணி நேரம் ஆகிறது.